உடைந்த விளிம்பில் நீலம்

எங்கள் குடும்பத்தில் தறிக்குழியை விட்டு முதலில் மேலே ஏறியவர் என் சித்தப்பா. ஏறி ரொம்ப தூரம் ஒன்றும் போய்விடவில்லை. செவிலிமேட்டுப் பக்கம் ஒரு தோப்பில் தொல்பொருள் துறைக்காரர்கள் பழைய பானை ஓடுகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்; அந்த முகாமில் சோதனை உதவியாளராகச் சேர்ந்தார். அறுபதுகளின் கடைசி அது. பழங்காலத்துப் பானைக்கு அந்தப் பளபளப்பு எதனால் வந்தது, மண்ணாலா, பிசினாலா, எண்ணெயாலா என்று மேல்பூச்சைச் சுரண்டி, மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பது அவர் வேலை. அந்த ஓடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தாரென்றால் தட்டில் சோறு ஆறிப்போகும்.

அப்பாவுக்கு இது வயிற்றெரிச்சல். கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அப்பா நடுவில் உட்கார்ந்து நெய்வார்; பக்கத்தில் ஒருவர் கரை நூல் சுற்றிய கட்டையை, நாடாவை, இழைகளுக்குள் தள்ள வேண்டும். சித்தப்பா எழுந்துபோன இடத்தில் ஒன்பது வயதில் நான் உட்கார்ந்தேன், பள்ளிக்கூடம் நின்றது. "ஓட்டாஞ்சில்லு சுரண்டறதெல்லாம் ஒரு உத்தியோகமாப்பா?" என்று அப்பா நாளைக்குப் பத்து தரமாவது கேட்பார். யாரைக் கேட்கிறார் என்று தெரியாமல் நான் நாடாவைத் தள்ளுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சோப்பு டப்பாவில் பஞ்சு வைத்து ஒரு கறுப்பு ஓட்டை வீட்டுக்கு எடுத்து வந்தார். வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது என்பது முகாம் சட்டம். அவருக்குப் பொறுக்கவில்லை, பூதக்கண்ணாடியில் நிதானமாகப் பார்க்க ஆசை. "பூச்சு உதுந்துக்கினே இருக்குதும்மா. இது இன்னான்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள எல்லாம் போயிடும்போல இருக்குது" என்று என்னிடம் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அன்று காலையில்தான் தெருவில் பாவு நீட்டி, இழை பிசிறாமலிருக்க அரிசிக் கஞ்சி போட்டிருந்தார்கள். குண்டானில் மிச்சம் இருந்தது. பட்டு நூலையே பிரியாமல் பிடித்துவைக்கிற கஞ்சிக்கு ஒரு ஓடு எம்மாத்திரம்? சித்தப்பா குளிக்கப் போன நேரத்தில் ஓட்டை எடுத்துக் கஞ்சியில் ஒரு முக்கு முக்கி, வெயிலில் காயவைத்து, துணியால் துடைத்துப் பஞ்சில் வைத்துவிட்டேன். ஓடு மினுமினுத்தது. என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா முகாமிலிருந்து ஓட்டமாக வந்தார். சுரண்டிய தூளில் அயோடின் விட்டாராம், நீலமாகிவிட்டதாம். மாவுச்சத்து இருந்தால்தான் அப்படி ஆகுமாம். "புதுச்சட்டியைக் கஞ்சி ஊத்திப் பழக்கறோமே, அந்தக் காலத்துலயே அதைச் செஞ்சிருக்காங்கப்பா!" என்று அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கஞ்சி என்ற வார்த்தை காதில் விழுந்ததும் என் கண் குண்டானுக்குப் போனது. சொல்லத் தைரியம் வரவில்லை.

அடுத்த அமாவாசைக்கு, தறிக்கு விடுமுறை என்பதால், நான்தான் முகாமுக்குச் சோறு கொண்டுபோனேன். சித்தப்பா கண்டுபிடித்ததைச் சோதித்துப் பார்க்கப் பெரிய அதிகாரி வந்திருந்தார். மற்ற ஓடுகள் எதுவும் நீலமாகவில்லை. கடைசியில் அவர் அந்தக் கறுப்பு ஓட்டைத் திருப்பி, உடைந்த விளிம்பில் ஒரு சொட்டு விட்டார். அங்கும் நீலம்.

"பானை உடைஞ்சதுக்கு அப்புறம் பூசினது இது. பேர் வாங்கணும்னு நீயே பூசினியா?" என்றார்.

"சத்தியமா இல்லீங்க சார்."

"வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனியா?"

சித்தப்பா தலையைக் குனிந்தார். பொய்யன் என்று எல்லார் எதிரிலும் சொல்லி, அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார்கள். நான் கொண்டுபோன சோற்றை அவர் தொடவில்லை.

அன்று சாயங்காலம் அழுதுகொண்டே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். விழவில்லை. அப்பா வெகுநேரம் தறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "யார்கிட்டயும் சொல்லாதம்மா. நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் சித்தப்பா என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. கஞ்சி இந்த வீட்டுக் கஞ்சிதான் என்று ஊகித்துவிட்டார் போலிருக்கிறது.

"நீ தொட்டியா பாப்பா? தொட்டிருந்தா சொல்லுடா, அடிக்க மாட்டேன். அந்தய்யா நாளன்னிக்கு வரைக்கும் இங்கதான் இருப்பாரு. உன்னை இட்டுக்கினு போயி உண்மையைச் சொல்லிட்டன்னா பொய்யன்ற பேராவது போயிடும்."

அவருக்குப் பின்னால் வாசற்படியில் அப்பா நின்றிருந்தார். வேண்டாம் என்று தலையை லேசாக, ஒரே ஒருமுறை ஆட்டினார்.

"இல்ல சித்தப்பா" என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு எழுந்து போனார். என்னை நம்பினார், பாவி மனுஷன். அப்புறம் பல நாள், நீலம் எப்படி வந்தது, எப்படி வந்தது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டே திரிந்தார்.

அதிகாரி ஊரை விட்டுப் போன அடுத்த வாரம் சித்தப்பா கரைப் பக்கம் வந்து உட்கார்ந்து நாடாவைக் கையிலெடுத்தார். அப்பா எனக்குப் புதுச் சிலேட்டு வாங்கிக் கொடுத்து, பள்ளிக்கூடம் போகச் சொன்னார். அடிக்கவில்லை, காட்டிக் கொடுக்கவில்லை, படிக்கவும் வைக்கிறார். இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டே தெருவெல்லாம் ஓடினேன். அவருக்குத் தறிக்கு ஆள் வேண்டியிருந்தது, அதற்கு என் பொய் போதுமாக இருந்தது என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.