கூரைக்கு மேலே ஒரு மூக்கு

கார் மூச்சுத் திணறுகிறது என்று நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்றார்கள். பத்து வருடமாக அதே காரை, குந்தாப் பள்ளத்திலிருந்து மஞ்சூர் ரோட்டுக்கு அதே வளைவுகளில் ஏற்றி இறக்கினவள் நான். ஒரு மழைக்காலத்தில் திடீரென்று எனக்கு ஓட்டுவது மறந்துவிட்டதாம். நல்ல கதைதான்.

பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த வருடங்கள் அவை. பறிக்கிற கூலிக்கே இலை கட்டவில்லை. எங்கள் பள்ளத்துக்கு வந்துகொண்டிருந்த இலை லாரி ஒரு நாள் வராமல் நின்றது. அப்புறம் வரவே இல்லை. பாதிப் பேர் செடியை வளர்ந்தபடி வளரட்டும் என்று விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருந்தார். ஆள் குறைப்பில் அவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திருப்பூரில் இருந்த அவருடைய அண்ணன், கம்பெனிக் கணக்கெழுத ஒரு இடம் காலியாக இருக்கிறது, உடனே கிளம்பி வா என்று வாரம் தவறாமல் போன் செய்தார். அவரும் மனதுக்குள் பெட்டி கட்டிவிட்டார். எனக்கோ அந்த இரண்டு ஏக்கரை விட்டு ஒரு அடி நகர மனமில்லை. நான் நட்ட செடி. நான் ஏன் போக வேண்டும்?

லாரி வராவிட்டால் என்ன, நம்மிடம்தான் கார் இருக்கிறதே என்றேன். எஸ்டேட் மேனேஜர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது எங்களிடம் விற்றுவிட்டுப் போன பழைய டீசல் கார். என் வீட்டுக்காரருக்கு வளைவில் தலை சுற்றும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கண்ணை மூடிக்கொள்வார். அதனால் அன்றிலிருந்தே ஓட்டுவது நான்தான். பின் சீட்டைக் கழற்றித் திண்ணையில்லாத எங்கள் வீட்டின் முன்னால் பெஞ்சாகப் போட்டேன். அந்த இடத்தில் இலைச் சாக்குகளை அடுக்கினேன். எங்கள் இலையோடு அக்கம்பக்கத்து ஐந்து வீட்டு இலையும் என் காரில்தான் கீழ் ஃபாக்டரிக்குப் போனது.

அப்புறம்தான் அந்தத் திணறல். கரும்புகை. இரண்டாவது கியரில் இழுக்காது. ஒரு நாள் பாதி மேட்டில் நின்றேவிட்டது. பின்னால் வந்த ஜீப்பைக் கெஞ்சி இழுத்துக்கொண்டு ஃபாக்டரி போய்ச் சேர்வதற்குள் சாக்குக்குள் இலை சூடேறிச் சிவந்துவிட்டது. இது ஆகாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆறு வீட்டுப் பெண்கள் நனைந்துகொண்டு பறித்த இலையை ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்தேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் மேட்டுப்பாளையத்துக்குப் போன் செய்து கார் வாங்குகிற ஆள் ஒருவரிடம் பேசிவிட்டார். மூன்று வாரம் கழித்து சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றாராம் அவர். கார் போனால் இலை போகாது, இலை போகாவிட்டால் திருப்பூர்தான். மூன்று வாரம். அதற்குள் அந்தக் காரை மேடு ஏற வைக்க வேண்டும்.

மஞ்சூர் மெக்கானிக் பானட்டைத் திறந்தார். அந்தக் காலத்து எஞ்சினில் காற்றை வடிகட்ட ஒரு எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். உள்ளே போகும் காற்று எண்ணெயை உரசிக்கொண்டு போகும், தூசி எண்ணெயிலேயே தங்கிவிடும். கிண்ணத்தில் பழுப்பாகச் சேறு மாதிரி இருந்தது. எண்ணெய் கெட்டுப்போச்சு என்று மாற்றினார். பத்து நாளுக்கு முன்பும் அதையேதான் செய்திருந்தார். பத்து நாளில் எப்படி ஐயா கெடும் என்று கேட்டால், இந்த உயரத்தில் காற்றே கம்மி, வண்டி என்ன செய்யும் என்கிறார். போன வருடம் மட்டும் இந்த மலை பள்ளத்தில் இருந்ததா? கடைசியில், அந்தக் கிண்ணத்தையே கழற்றி வீசிவிட்டு ஓட்டச் சொன்னார். வீசினால் காற்றோடு மண்ணும் எஞ்சினுக்குள் போகும். ஒரு வருடத்தில் எஞ்சின் காலி. நான் ஒரு வருடத்துக்கு வழி கேட்கவில்லை.

குன்னூரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். காற்று உள்ளே போகிற சாமான் வேறு மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்து, சார் எங்கே என்றார். சார் வீட்டில் இருக்கிறார், கார் என்னிடம் இருக்கிறது என்றேன். அப்புறம்தான் அலமாரியிலிருந்து அதை எடுத்தார். சிவப்பாக, கூம்பாக, தலையில் பளபளவென்று மூடி. ரேஸ் காருக்குப் போடுவது, காற்றைச் சும்மா வாரிக்கொண்டு போகும் என்றார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தங்கச்சி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வைத்திருந்ததைக் கொடுத்து வாங்கிவிட்டேன். பழைய எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் வீசவில்லை, துணியில் சுற்றி டிக்கியில் வைத்தேன்.

போட்ட மறுநாள் கார் போட்ட சத்தம் இருக்கிறதே! பள்ளத்தில் இறங்கும்போது மூன்று வீட்டுக்காரர்கள் சாக்கைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டார்கள், பழைய இலை லாரி திரும்ப வந்துவிட்டது என்று. என் காரைப் பார்த்ததும் அவர்கள் முகம் விழுந்ததை இப்போதும் மறக்க முடியாது. ஆனால் கார் இழுத்தது. மூன்று நாள் ராஜநடை. நான்காம் நாள் அதே மேட்டில், அதே இடத்தில், அதே கரும்புகை.

காரை ஓரங்கட்டி நானே பானட்டைத் திறந்தேன். சிவப்புக் கூம்பைக் காணோம். பழுப்பு ரோமம் முளைத்த ஏதோ ஒன்று உட்கார்ந்திருந்தது. ஒரு சிட்டிகை கிள்ளி விரலில் உருட்டினேன். பஞ்சு. முகர்ந்து பார்த்தேன். தேயிலை வாசம். மண்ணும் இல்லை, மலையின் உயரமும் இல்லை, கிளட்ச் மிதிக்கிற என் இடது காலும் இல்லை. கூம்பு வாங்கியது தப்புத்தான்; ஆனால் அந்தத் தப்பு இல்லையென்றால் இது என் கண்ணில் பட்டிருக்காது. எண்ணெய்க் கிண்ணத்தில் இதே பஞ்சு ஊறிச் சேறாகிவிட்டதால்தான் மெக்கானிக் அதைக் கெட்ட எண்ணெய் என்று நினைத்திருக்கிறார்.

எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை. கீழ் ஃபாக்டரியில் லாரிகளுக்குத்தான் முதல் மரியாதை. எங்களைப் போன்ற சில்லறை ஆட்களைப் பின்பக்கம் போய் நிற்கச் சொல்வார்கள். அங்கே தேயிலை சலிக்கிற அறையின் சுவரில் பெரிய விசிறி ஒன்று, சரியாக என் பானட் உயரத்தில். சலிக்கும்போது பறக்கிற பஞ்சையெல்லாம் அது வெளியே தள்ளும். விலை விழுந்ததிலிருந்து ஃபாக்டரி இலையை அளந்து அளந்துதான் வாங்கியது. முன்பு கால் மணி நேரம் நின்ற இடத்தில் இப்போது இரண்டு மணி நேரம் நிற்கிறேன். என் பேட்டரியோ கிழம், அணைத்தால் தள்ளித்தான் எடுக்க வேண்டும். அதனால் எஞ்சினை அணைக்காமலே நிற்பேன். இரண்டு மணி நேரமும் என் கார் அவர்கள் கழிவைத் தின்றுகொண்டு நின்றிருக்கிறது.

ஊகத்தை நம்பி இன்னொரு சேலையை விட நான் தயாராக இல்லை. மறுநாள் ஒரு மூங்கில் கழியில் இரண்டு ஈர வெள்ளைத் துணிகளைக் கட்டினேன். ஒன்று பானட் உயரத்தில், ஒன்று காரின் கூரைக்கு ஒரு முழம் மேலே. கழியைக் கார் பக்கத்தில் நட்டுவிட்டு நின்றேன். லாரி டிரைவர்கள், அம்மிணி எந்தக் கட்சிக்குக் கொடி ஏற்றுகிறது என்று கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் கீழ்த்துணி காபி வடிகட்டின துணியாகிவிட்டது. மேல்துணி வெள்ளையாகவே இருந்தது.

இரண்டு துணியையும் எடுத்துக்கொண்டு இலை வாங்கும் சூப்பர்வைசரிடம் போனேன். வேறு இடத்தில் நிற்க விடுங்கள், முன்பக்கம் இடம் கிடக்கிறதே என்று தன்மையாகத்தான் கேட்டேன். அவர் துணியைத் தொடக்கூட இல்லை.

"நிக்கறதுன்னா அங்கதான் நிக்கோணுங்க அம்மிணி. இல்லீன்னா வேற எங்க போவீங்க? மேல் ஃபாக்டரி மேட்டுல உங்க காரு ஏறுமா?"

ஏறாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேல் ஃபாக்டரி ரோடு ஏழு கொண்டை ஊசி வளைவு. லாரிக்காரர்களே அந்த ரோட்டுக்குப் பயப்படுவதால் அங்கே இலைக்குப் பஞ்சம், யார் கொண்டு வந்தாலும் நிற்க வைக்காமல் வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு முறை போய்ப் பார்த்தேன். இரண்டாவது வளைவிலேயே கார் கையை விரித்துவிட்டது. அதனால்தான் இந்த மனிதர் என்னை விசிறிக்கு முன்னால் நிறுத்துகிறார். துணியை மடித்துக்கொண்டு வந்தேன்.

அன்று வீடு திரும்பும்போது ஒரு ஜீப் ஞாபகம் வந்தது. ஸ்ரீமதுரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தபோது பார்த்தது, நாடுகாணிப் பக்கத்து வண்டி. பானட் பக்கத்திலிருந்து ஒரு குழாய் கண்ணாடியை ஒட்டிக் கூரைவரை நிமிர்ந்து நிற்கும். அதன் டிரைவர், மழைக்காலத்தில் தோட்டில் இறங்கணுமல்லோ என்றார். தோடு என்றால் அவர்கள் பாஷையில் ஓடை. தண்ணீர் எஞ்சினுக்குள் போகாமல் மேலேயிருந்து காற்று எடுக்கத்தான் அந்தக் குழாய்.

மறுபடியும் குன்னூர்க் கடை. அந்தக் குழாய் அவரிடம் பிளாஸ்டிக்கில் இருந்தது, ஆனால் ஜீப்புக்குச் செய்தது. என் காரில் வைத்துப் பார்த்தால் விசிறி இருக்கும் பக்கமாகவே வாயைத் திறந்துகொண்டு நின்றது, உயரமும் போதவில்லை. குந்தா டேமுக்குள்ளேயா காரை இறக்கப் போகிறீர்கள் என்று கேட்டார் கடைக்காரர். வேண்டாம் என்று வைத்துவிட்டு, பங்களாக்களின் கணப்பு அடுப்புக்குப் புகைக்குழாய் செய்கிற தகரக்காரரிடம் போனேன். அவர் எதுவும் கேட்கவில்லை, சிரிக்கவும் இல்லை. காரைச் சுற்றி வந்து முழம் போட்டு அளந்தார். விசிறிக்கு எதிர்ப்பக்கம், கூரைக்கு ஒரு முழம் மேலே, மழை இறங்காமல் இருக்க உச்சியில் ஒரு தகரத் தொப்பி, தொப்பிக்கு அடியில் வலை. கீழ்முனையில் சிவப்புக் கூம்பை மாட்டவில்லை. டிக்கியில் இருந்த பழைய எண்ணெய்க் கிண்ணத்தையே மாட்டச் சொன்னேன். புதுசு எல்லாம் நல்லதும் இல்லை, பழசு எல்லாம் கெட்டதும் இல்லை; எது எங்கே மூச்சு விடுகிறது என்பதுதான் விஷயம்.

வீட்டில் வந்து நிறுத்தியதும் என் வீட்டுக்காரர் வெளியே வந்தார். குழாயைப் பார்த்தார். அது நுழைவதற்காக பானட் பக்கத்தில் வெட்டியிருந்த ஓட்டையைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இப்படி ஓட்டை போட்ட காரை எவன் வாங்குவான்?"

"அதுக்குத்தானுங்க போட்டேன்."

அவர் உள்ளே போய்விட்டார். ஆனால் கார் அந்த வாரம் முழுக்க விசிறிக்கு முன்னால் நின்றும் திணறவில்லை.

சனிக்கிழமை மேட்டுப்பாளையத்து ஆள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டர். குழாயைப் பார்த்து, இதென்னங்க சமையல்கட்டா என்றார். ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். இலை இறக்கிவிட்டு வரலாம், ஏறுங்கள் என்றேன். அவர் முன் சீட்டில். என் வீட்டுக்காரர் பின்னால், ஆறு வீட்டு இலைச் சாக்குகளுக்கு நடுவே, வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு.

கீழ் ஃபாக்டரி வாசலில் நாலு லாரி நின்றது. முன்பக்கம் பாதி இடம் காலி. சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார், குழாயைப் பார்த்துச் சிரித்தார், பேனாவால் பின்பக்கத்தைக் காட்டினார். வாயைத் திறந்து சொல்லக்கூட இல்லை, பேனாதான்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பேனாவைப் பார்க்கும்வரை நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. ரிவர்ஸ் எடுத்தேன். அவர் முன்னாலேயே காரைத் திருப்பி மேல் ஃபாக்டரி ரோட்டில் விட்டேன்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு, போன முறை நின்ற இடம். கியரை மாற்றினேன், இழுத்தது. கண்ணாடியில் பார்த்தேன், கரும்புகை இல்லை. மூன்றாவதில் மேட்டுப்பாளையத்து ஆள் மெதுவாகப் போகச் சொன்னார். நாலாவதில் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டார். ஐந்தாவதில் பனி இறங்கி ரோடே தெரியவில்லை. ஹாரனை அழுத்திக்கொண்டே ஏறினேன். இப்போது நின்றால் ஆறு வீட்டு இலையும் போச்சு, காரும் போச்சு, திங்கட்கிழமை திருப்பூர். எனக்குப் பயமாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆறாவது வளைவில் பின்னால் ஏதோ அசைந்தது. கண்ணாடியில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்து, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது வளைவு எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஃபாக்டரி கேட் திறந்து கிடந்தது.

இலை வாங்கும் பெரியவர் சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தார். சூடில்லை, நல்ல இலை என்று உடனே தராசில் ஏற்றச் சொன்னார். மேட்டுப்பாளையத்து ஆள் கீழே இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு, கார் பரவாயில்லை, ஓட்டையை அடைத்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவரோ சாக்குகளைத் தூக்கித் தராசில் வைத்துக்கொண்டிருந்தார்.

இலை நிறுத்து முடிந்ததும் பெரியவர் காரைச் சுற்றி வந்து குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, இது ஆத்தைத் தாண்டற வண்டிக்கு வெக்கறதாச்சே. இங்க எந்த ஆத்தைத் தாண்டப் போறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் கடைசிச் சாக்கை உதறி மடித்துக்கொண்டே சொன்னார்.

"தாண்டியாச்சுங்க."

அப்புறம் மேட்டுப்பாளையத்து ஆளிடம் திரும்பி, மஞ்சூரிலிருந்து கீழே போக அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொன்னார்.