வினிகரில் போட்ட மாத்திரை

சுலேமா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வண்டியில் உட்காருவாள், அது கணக்கில் வராது. அங்கேயும் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும், கை எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கும். பதினாறு வருஷம் அவளை ஏற்றிக்கொண்டு ரொசாரியோ நகரின் மேற்கு ஓரத்துத் தகரக் கூரை வீடுகளுக்குச் சந்து சந்தாக வேன் ஓட்டியவன் நான். பெயர் அனீபால், ஆஸ்பத்திரி டிரைவர். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர்களைப் பற்றிப் பேப்பரில் பக்கம் பக்கமாக வந்தது. அவர்களுடைய ஆராய்ச்சிக்காகச் சேற்றில் நடந்தவளைப் பற்றி ஒரு வரி வரவில்லை. அந்த எரிச்சலில்தான் நான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அவளுடைய வேலையைச் சொல்கிறேன். கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வராமல் தடுக்கக் கால்சியம் மாத்திரை உதவுமா என்று எங்கள் ஆஸ்பத்திரி ஓர் ஆராய்ச்சி நடத்தியது. பாதிப் பெண்களுக்கு நிஜ மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பதைக் கடைசியில்தான் பிரித்துப் பார்ப்பார்கள். சுலேமா மாதம் ஒரு முறை வீடு வீடாகப் போய் அழுத்தம் பார்த்து, பாட்டிலில் மீதி இருக்கிற மாத்திரைகளை எண்ணி எழுத வேண்டும்.

"எனக்கு எதைக் குடுத்திருக்கீங்க நர்ஸம்மா?" ஒவ்வொருத்தியும் இதைத்தான் கேட்பாள்.

"எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரியாம இருக்கறதுக்குத்தாண்டி எனக்குச் சம்பளம்" என்பாள் சுலேமா. அதைச் சொல்லும்போது அவள் கழுத்து ஒரு விரற்கடை நீளும்.

பாதியில் விட்டுவிடுகிறேன் என்று எவளாவது சொன்னால் போச்சு. வாசலிலேயே நின்று மன்றாடுவாள். "நீ விட்டா கணக்குல ஓட்டை விழும்டி. நாளைக்கு உன் மக வயித்துல பிள்ளை இருக்கறப்ப டாக்டருக்குச் சரியான பதில் தெரியணும்னா, இன்னிக்கு நீ இருக்கணும்." அதையும் மீறி விலகினால் ஒரு படிவம் உண்டு. 'விலகும் காரணம்' என்ற கட்டத்தில் ஓர் எண் போட வேண்டும். ஊர் மாற்றம் ஒன்று, உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது இரண்டு, வீட்டுக்காரர் சம்மதிக்காதது மூன்று. அந்தக் கட்டத்தில் எண் எழுத நேர்ந்த நாளில் அவள் சரியாகச் சாப்பிடமாட்டாள். நான்தான் திட்டித் திட்டி ஒரு ரொட்டியாவது தின்னவைப்பேன்.

டெல்ஃபினாவும் ரமோனாவும் ஓரகத்திகள். அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஒரு நாள் எண்ணும்போது இருவர் பாட்டிலிலும் ஒவ்வொன்று குறைந்தது.

"ரெண்டுலயும் ஒண்ணொண்ணு காணோம். எங்கடி?"

"கீழ விழுந்துருச்சு" என்றாள் டெல்ஃபினா.

"ரெண்டுமா? பேசிவெச்சுக்கிட்டு விழுந்துச்சாக்கும்?"

ரமோனாவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. டெல்ஃபினா என்ன செய்தாள் தெரியுமா? மறைப்பதற்குப் பதிலாக, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள்போலச் சமையலறைக்குள் போய் வினிகர் பாட்டிலை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள்.

"சாலட்டுக்கு ஊத்தற வினிகர்தான். ரெண்டு டம்ளர்ல ஊத்தி ஆளுக்கொரு மாத்திரை போட்டோம். என்னோடது சோடா மாதிரி நுரைச்சுப் பொங்குச்சு. இவளோடது கல்லாட்டம் கிடந்துச்சு. உங்க டாக்டருக்குத் தெரியாதது எனக்குத் தெரிஞ்சுபோச்சு!"

"அப்புறம் என்னடி பண்ணீங்க?"

"என்ன பண்றது? ஒரு நாளைக்கு நாலு மாத்திரைல்ல? என்னோடதுல ரெண்டு இவளுக்கு, இவளோடதுல ரெண்டு எனக்கு. இவ வயித்துலயும் பிள்ளைதானே இருக்கு? எண்ணிக்கை சரியாத்தானே வருது!"

வாசலில் நின்றிருந்த என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாங்கள் ஒரே குடுக்கையில் மாத்தே இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, ஒரே குழலில் வீடு முழுக்க, வந்த விருந்தாளி உட்பட, மாற்றி மாற்றி உறிஞ்சுகிற ஜனம். எங்களிடம் வந்து உன் மாத்திரை உனக்கு, என் மாத்திரை எனக்கு என்றால் நடக்குமா? அந்த டாக்டர்கள் இதை யோசித்திருக்க வேண்டாமா?

சுலேமா மட்டும் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறியதும் நான் கெஞ்சினேன். "எழுதித் தொலைக்காத. கீழ விழுந்துருச்சுன்னு போட்டுட்டுப் போ."

"ஒரு பொய் எழுதினா இத்தனை வருஷமா நான் எண்ணினது எல்லாமே பொய்யாயிரும். வாய மூடிக்கிட்டு வண்டிய ஓட்டு."

எழுதினாள். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிகளுக்கெல்லாம் பொறுப்பான டாக்டர் லோசாதா இரண்டு பேருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டார். பாட்டில்களைத் திரும்ப வாங்கவும் அவளேதான் போனாள். டெல்ஃபினா அன்று மாத்தே கொடுக்கவில்லை. எங்கள் ஊரில் அது முகத்தில் அடித்தாற்போல. பாட்டிலை நீட்டிவிட்டு, "நாளைக்கு உன் வீட்ல ஒருத்தருக்கு இப்படி வந்தா, எதுன்னு பாக்காம இருந்துருவியா நீ? பாக்கலாம்டி" என்றாள்.

ஏழு வாரம் கழித்து டெல்ஃபினாவுக்கு அழுத்தம் ஏறி வலிப்பு வந்தது. வயிற்றைக் கிழித்து ஏழு மாதப் பிள்ளையை எடுத்தார்கள். கைப்பிடி ரொட்டி அளவு இருந்தது. எப்படியோ பிழைத்தது. யானினா என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் பார்க்கப் போனபோது டெல்ஃபினா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மாத்திரை தொடர்ந்திருந்தால் வலிப்பு வந்திருக்காதா? யாராலும் சொல்ல முடியாது. திரும்பி வரும்போது சுலேமாவின் முழங்கால் வழக்கத்தைவிட வேகமாக ஆடியது.

பத்து வருஷம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சுட்ட இறைச்சி சாப்பிட்டு முடித்திருந்தோம். அவள் புருஷன் இலாரியோ துறைமுகத்தில் தானிய லாரிகளை எடை போடுகிறவன், என் சிநேகிதன். கால்பந்தில் நான் நீலம் மஞ்சள் அணி, அவன் சிவப்பு கறுப்பு அணி. அந்த ஒன்றைத் தவிர எங்களுக்குள் சண்டை கிடையாது. அன்று அவன்தான் வெந்நீர் ஊற்றினான். குடுக்கைக்குள் ஊற்றாமல் இடப்பக்கம் மேஜைத் துணியின்மேல் ஊற்றிக்கொண்டே என்னோடு பேசினான்.

"நேத்து தோத்த துக்கத்துல கண்ணு தெரியலையாடா?" என்று நான் கிண்டல் பண்ணினேன். அதற்காக இன்றுவரை என் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். சுலேமா சிரிக்காமல் அவன் கண்ணெதிரே விரலை நகர்த்திப் பார்த்தாள். அப்போதே அவள் முகம் வெளிறிவிட்டது.

மூளையில் கட்டி. அறுத்து எடுத்தார்கள், எடுத்தது போக வேர் மிச்சம் இருந்தது. அதற்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு பரிசோதனை மருந்து வந்திருந்தது. உடம்பே கட்டியோடு சண்டை போடும்படி தூண்டுகிற ஊசியாம். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை, கையில். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

"உன் தொழிலே எனக்கு வந்து வாய்ச்சுருக்கு பாரு ஒல்லிக்குச்சி" என்று இலாரியோ அவளைச் சீண்டினான்.

அவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. பரானா ஆற்றின் நடுவே ஒரு தீவில் அவன் அண்ணனுக்குக் குடிசை உண்டு. கால் நடக்கும்போதே அங்கே போய் இருந்து, கெளுத்தி மீன் பிடிக்க வேண்டும். ஆனால் ஊசியில் இருக்கிறவன் தீவுக்குப் போக முடியாது. வாரம் இரண்டு முறை ரத்தம் கொடுக்கணும், காய்ச்சல் வந்தால் அந்த மணியே வந்து படுக்கணும். ஒவ்வொரு முறை ஊசி போட்டு வந்தாலும் மூன்று நாள் அவனால் எழுந்திருக்க முடியவில்லை. நிஜ மருந்து என்றால் இந்தப் பாட்டைப் படலாம். தண்ணீர் என்றால்? இருக்கிற கொஞ்ச நாளைத் தண்ணீருக்காகத் தொலைப்பதா? இதுதான் சுலேமாவைத் தின்றது.

செவ்வாய்க்கிழமை பெஞ்சில் உட்காரும் குடும்பங்கள் தாங்களாகவே ஒரு வினிகரைக் கண்டுபிடித்திருந்தன. ஊசி போட்ட இடம் வால்நட் கொட்டை மாதிரி வீங்கினால் மருந்து, வீங்காவிட்டால் தண்ணீர். இலாரியோவின் கை வழவழவென்று அப்படியே இருந்தது. மாத்திரையை வினிகரில் போட்டதற்கு ஒருத்தியைத் துரத்தியவள், இப்போது காலையில் எழுந்ததும் புருஷன் கையை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். அவன் "விடுடி, தக்காளியா வாங்கற?" என்று கத்துவான்.

ஒரு திங்கட்கிழமை வண்டியில் ஏறினாள். மடியில், ஒட்டி மூடிய பழுப்பு உறை ஒன்று இருந்தது. மேலே இலாரியோவின் எண். ஆபத்து நேரத்தில் மட்டும் பிரிக்க வேண்டியது, உள்ளே மருந்தா தண்ணீரா என்று எழுதியிருக்கும். ஆராய்ச்சி அறை அலமாரிச் சாவி அவளிடம்தான் இருந்தது.

"அடிப்பாவி! வேலை போயிரும்."

"போகட்டும். வண்டிய எடு."

"எங்க?"

"எங்கயாவது போ!"

பெரிய சாலையை மூன்று சுற்று சுற்றினேன். உறையைத் திருப்புவாள், வெளிச்சத்தில் பிடிப்பாள், மடியில் வைப்பாள். திடீரென்று, "டெல்ஃபினா வீட்டுக்குப் போ" என்றாள்.

டெல்ஃபினா பருத்திருந்தாள். முற்றத்தில் பத்து வயது யானினா கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். சுலேமா உறையை மேஜைமேல் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். டெல்ஃபினா கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"நான் வினிகர்ல போட்டப்ப நீ எழுதினே. இப்ப உன்னை யாரு எழுதறது?"

"அனீபாலு எழுதட்டும்" என்றாள் சுலேமா. "அன்னிக்கு உன்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எழுதிட்டேன் டெல்ஃபினா. இந்தப் பிள்ளைய ரோட்டுல பாக்கறப்பெல்லாம் என்னை அரிக்குது. என்னை மன்னிச்சிரு."

"மன்னிக்கமாட்டேன். இந்தா, குடி" என்று குடுக்கையை நீட்டினாள் டெல்ஃபினா. சுலேமா வாங்கிக்கொண்டாள். "எது நிஜம்னு தெரிஞ்சதும் நான் பாதியக் குடுத்தேன். எனக்கு அது அதுக்காச்சும் உதவுச்சு. நீ தெரிஞ்சுக்கிட்டு என்ன செய்வ? தண்ணின்னா அவரைத் தீவுக்கு அனுப்புவ. மருந்துன்னா கட்டிப்போட்டு வெச்சுக்குவ. ரெண்டுலயும் அந்த மனுஷன் எங்க இருக்காரு? அவர்கிட்ட கேட்டியா?"

சுலேமா உறையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். உறை பிரிபடாமலே அன்று மாலைக்குள் அலமாரிக்குத் திரும்பியது. நான் எதையும் எழுதவில்லை.

வீட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டபோது நானும் உள்ளே போனேன். பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டாள்.

"கெழவா, உனக்கு என்ன வேணும்? ஊசியா, தீவா?"

இலாரியோ சொன்னான்: "ஊசியே இருக்கட்டும்."

"ஏன்?"

"நான் பாதியில விட்டா உன் கணக்குல ஓட்டை விழும்ல? ஊர்ப் பொண்ணுங்க வாசல்ல எல்லாம் நின்னு கெஞ்சினவ நீ. உன் புருஷனே ஓடிட்டான்னு சொல்லமாட்டாங்களா?"

சுலேமா பையைத் தூக்கித் தரையில் அடித்தாள். அழுத்தம் பார்க்கிற கருவி உள்ளே உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"என் கணக்கு நாசமாப் போகட்டும்! இத்தனை நாளும் எனக்காகவாடா கைய நீட்டுன? கடங்காரா! போ, தீவுக்குப் போ. போய் மீனப் பிடிச்சுத் தொலை!" கத்திக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவன் தலைமயிரைக் கோதிக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய் வண்டிக்குப் பக்கத்தில் நின்று மூக்கைச் சிந்தினேன்.

விலகல் படிவத்தை அவளே நிரப்பினாள். 'விலகும் காரணம்' கட்டத்தில் எண் எதுவும் போடாமல், 'மீன் பிடிக்கப் போகிறார்' என்று எழுதினாள். டாக்டர் லோசாதா அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுக்கு என்னம்மா எண் போடறது?" என்று கேட்டாராம். "அதை நீங்களே யோசிங்க டாக்டர்" என்று சொல்லிவிட்டு லீவு எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பதினோரு வாரம் தீவில் இருந்தான். வாராவாரம் படகில் ரொட்டியும் மாத்தே இலையும் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கெளுத்தி பிடித்தான், பொய்யும் சொன்னான், இரண்டும் பெரியவை. கடைசி இரண்டு வாரம் தூண்டிலைச் சுலேமா பிடித்துக்கொள்ள, அவன் பக்கத்தில் சாய்ந்து கிடந்து அவள் பிடிக்கிற விதத்தைத் திட்டினான். வசந்தகாலம் தொடங்கும்போது போய்விட்டான். என் அணி ஜெயித்த மறுநாள். அதைக்கூட அவனிடம் சொல்லிக் காட்ட முடியவில்லை என்னால்.

ஒரு வருஷம் கழித்து, ஊசி போடும் வேலை எல்லாருக்கும் முடிந்த பிறகு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் கடிதம் வந்தது. மருந்து பலித்ததா என்ற கணக்கு இன்னும் போட்டு முடியவில்லையாம், யாருக்கு எது கொடுத்தோம் என்று மட்டும் தெரிவித்திருந்தார்கள். சுலேமா வண்டியில் வைத்து என்னிடம் நீட்டினாள். "நீ படி."

படித்தேன். இன்னொரு முறை படித்தேன். வீங்காத அந்தக் கையில் போனது தண்ணீர் இல்லை, நிஜ மருந்து.

அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் முழங்கால் ஆடுவது நின்றுவிட்டது.

"அன்னிக்கு அந்த உறையைப் பிரிச்சிருந்தா அவரைத் தீவுக்கு விட்டிருக்கமாட்டேன் அனீபால்" என்றாள். "நல்லவேளை, எனக்குத் தெரியல."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு எண்ணைச் சொல்லி, வண்டியை எடுக்கச் சொன்னாள்.