கூரை வரை எழாத சுவர்

சந்தைத் தெருவில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவளிடம் கூலி வாங்கியவர்கள்கூட மறந்துவிட்டார்கள். எள்ளோ, கொள்ளோ, நிலக்கடலையோ, எந்தச் சரக்கு வாசலுக்கு வந்தாலும் முதலில் ஒரு பிடி அள்ளிச் சல்லடையில் போட்டுச் சலிப்பாள். கீழே விழுந்த மண்ணைக் காகிதத்தில் கூட்டி எடுத்து, கொண்டுவந்த விவசாயியின் மூக்குக்கு நேரே நீட்டி, "இதுக்கும் நான் விலை தரணுமா?" என்று கேட்பாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு விலையைக் குறைப்பான். கெட்டிக்கார வியாபாரி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நல்ல மனுஷி என்று சொல்லத்தான் தெருவில் ஒருவருக்கும் வாய் வராது.

அவள் கணவனுக்குச் சந்தையில் தனிப் பெயரே கிடையாது. 'சல்லடை வீட்டுக்காரர்', அவ்வளவுதான். அவருடைய அண்ணன் மனைவி, அதாவது சல்லடையின் ஓரகத்தி, அதே கிடங்கின் மறுபாதியில் அதே வியாபாரம் செய்து வந்தாள். அண்ணனுக்கு முழங்கால் போய் வீட்டோடு கிடந்ததால் கடை முழுக்க அவள் கையில்தான். மாமனார் கண்ணை மூடிய கையோடு கிடங்கை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் வைத்தார்கள். செலவு ஆளுக்குப் பாதி என்று பேச்சு. சுவர் ஆள் உயரம் தாண்டியதும், அதற்கு மேல் கட்டச் சாரம் வேண்டும், சாரக்கூலி யார் தலையில் என்று வழக்கு வந்துவிட்டது. "வாசல் பக்கத்தை எடுத்துக்கிட்டவங்க கொடுக்கட்டும்" என்றாள் இவள். "சுவர் கேட்டவங்க கொடுக்கட்டும்" என்றாள் அவள். நடுவில் நின்ற கொத்தனார் இருவருக்கும் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுக் கரண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சுவர் அப்படியே நின்றது. அதன் தலைக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவே பூனை ஒன்று நிமிர்ந்து நடந்து போகும் அளவுக்கு இடைவெளி.

அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆனால் சாடைப் பேச்சுக்குக் குறைவே இல்லை. இவள் கணவனைப் பார்த்துத் திட்டுவாள், அவள் மூட்டை தூக்குகிறவரைப் பார்த்துத் திட்டுவாள். இரண்டும் சுவருக்கு மேலே ஏறி, போய்ச் சேர வேண்டிய காதுக்குச் சரியாகப் போய்ச் சேரும். "சில பேர் சொத்தை எள்ளை வித்தே வீடு கட்டுறாங்க" என்று அங்கிருந்து வந்தால், "சில பேருக்கு வீடு இருந்தும் குடியிருக்க மனுஷங்க இல்ல" என்று இங்கிருந்து போகும். அந்த இடைவெளி வழியாக உண்மை என்று ஒன்று போனதாகவோ வந்ததாகவோ யாருக்கும் நினைவில்லை.

அந்த வருஷம் கடலை பிடுங்கும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பிடுங்கிப் போட்ட செடியிலேயே காய் முளைவிட்டது. தப்பித்துச் சந்தைக்கு வந்த சரக்கு கொஞ்சம், கேட்கிறவர்கள் நிறைய. அடுத்த விதைப்பு முடிந்து அறுவடை வரும்வரை புதுச் சரக்கு கிடையாது. விலை வாராவாரம் ஏறியது. சல்லடை கைக்கு எட்டியதையெல்லாம் வாங்கினாள். முதல் போதாமல் கழுத்திலும் கையிலும் கிடந்ததைக் கழற்றி விற்றாள். அத்தனையும் உடைத்த பருப்பாக, சுவரின் தலையைத் தொடும் அளவுக்குக் கிடங்கில் அடுக்கி நின்றது.

"பாதியை வித்துடலாமே, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்னு சும்மாவா சொன்னாங்க" என்றார் கணவர்.

"பொறுத்தார் பூமி ஆள்வார்னும் சொல்லியிருக்காங்க. அவ விக்கட்டும் முதல்ல. அவ வித்து, கை காலியாகி, நான் ஏத்தி விக்கிறதைப் பார்த்து வயிறு எரியணும்."

லாபத்தைவிட அந்த எரிச்சல்தான் அவளுக்கு வேண்டியிருந்தது. விலை ஏறும் போதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

ஒரு நாள் காலையில் சுவருக்கு அப்பாலிருந்து ஓரகத்தியின் குரல் வந்தது. வழக்கம்போல மூட்டை தூக்குகிறவரிடம்தான் பேச்சு.

"பின்வரிசையில அந்துப்பூச்சி விழுந்திருக்குப்பா. மருந்து வைக்கிறவர் வந்து பார்த்துட்டார். மேல திறந்து கிடக்குறதால ஒரு பக்கம் மட்டும் வச்சா புகை நிக்காதாம். ரெண்டு பக்கமும் கடையை அடைச்சு, சேர்த்து வச்சாதான் சாகுமாம். கேக்குறவங்க காதுல விழட்டும்."

சல்லடை கணவன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது. விலை உச்சிக்குப் போற நேரமா பார்த்து நான் கடையை அடைக்கணுமாம்."

"பின்வரிசையை ஒரு தடவை இறக்கிப் பார்த்துடலாம். பார்க்கிறதுல என்ன நஷ்டம்?"

"நீங்க யாரு பக்கம்?"

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம். தராசுத் தட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த வாரமே ஓரகத்தியின் வாசலில் எண்ணெய் மில் லாரி வந்து நின்றது. சந்தை விலைக்குப் பல படி கீழே இறங்கி, சரக்கை அள்ளிக் கொடுத்தாள். சல்லடைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பூச்சி, பூச்சின்னு என்னைப் பயமுறுத்திப் பார்த்தா. நான் மசியலைன்னதும் அவளே பயந்துட்டா" என்று சுவருக்குக் கேட்கும்படி சிரித்தாள்.

அதற்குப் பதில் வந்தது. ஆனால் மூட்டை தூக்குகிறவரிடம் சொல்வது போல இல்லை. "நான் சொன்னது பொய் இல்ல" என்று மட்டும் வந்தது. அதில் குத்தல் இல்லை, 'சில பேர்' இல்லை. குத்தல் இல்லாத பேச்சை அந்த வாயிலிருந்து அவள் கேட்டதே கிடையாது. ஒரு கணம் என்னவோ போலிருந்தது. பிறகு, இது புதுத் தந்திரம் என்று முடிவு கட்டிவிட்டாள். ஊரார் சரக்கையெல்லாம் சலித்துப் பார்த்தவள், தன் பின்வரிசையில் ஒரு மூட்டையைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓரகத்தி பேச்சை மதித்த மாதிரி ஆகிவிடுமாம். இந்தப் புத்திக்கு என்ன மருந்து வைப்பது?

விதைப்புக் காலம் வந்தது. அவள் கணக்குப் போட்டபடியே விலை உச்சியில் நின்றது. வெளியூர் மிட்டாய்க் கம்பெனியிலிருந்து மொத்தச் சரக்கையும் எடுக்க ஆள் வந்தார். முன்வரிசை மூட்டையைப் பிரித்து அவளே சலித்துக் காட்டினாள். பருப்பு பளபளவென்றிருந்தது. விலை படிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று விலையை உரக்கவே சொன்னாள்.

"பின்னாடி ஒண்ணு இறக்குங்கம்மா" என்றார் வந்தவர்.

மூட்டையை அசைத்ததுமே சாம்பல் நிறத்தில் பூச்சிகள் குபுகுபுவென்று கிளம்பி விளக்கைச் சுற்றின. கெட்டுப்போன எண்ணெயின் சிக்கு வாடை அடித்தது. அவள் ஒரு பிடி அள்ளிச் சல்லடையில் போட்டாள். பருப்பு உருளவில்லை. நூலால் கோத்தது போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாக நின்றது. தட்டினாள். கீழே மாவாகக் கொட்டியது, அதில் புழு நெளிந்தது. அடுத்த மூட்டையும் அப்படித்தான் இருந்தது. அதற்கு அடுத்ததும் அப்படித்தான். கடைசியில் தேறியது முன்வரிசை மட்டும்தான். அதையும் வந்தவர் தொடவில்லை.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். இந்தச் சந்தைக்குப் பல வருஷமாக வருகிறவர், அவளுடைய வாய்ப்பாடும் அவருக்குத் தெரியும். "இதுக்கும் நான் விலை தரணுமா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார்.

சோப்புக்கு எண்ணெய் எடுக்கிறவன் வந்து, கேட்ட விலைக்கு எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனான். கேட்டது அவன்தான், அவள் பேரமே பேசவில்லை. லாரி போனபிறகு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஓரகத்தி இப்போது சிரிப்பாள், இதோ சிரிப்பாள் என்று காத்திருந்தாள். திருப்பித் திட்டுவதற்கு நல்ல வார்த்தைகளாகவே எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பக்கம் தராசுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சிரிக்காமல் இருந்ததை அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

"அவ சொன்னது நிஜம்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கணவனைக் கேட்டாள்.

"தெரியும். அண்ணன் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா, நீங்க யாரு பக்கம்னு கேட்டிருப்ப."

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அந்தப் பக்கம் கேட்கும் என்று முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கொத்தனாரை வரவழைத்தாள், பழைய கும்பிடுக்காரரைத்தான். மேலே கூரை வரைக்கும் கட்டச் சொன்னாள். முழுச் செலவும் தன்னுடையது என்றாள். மத்தியானம் கணவர் ஓர் உறையோடு வந்தார். "அண்ணி கொடுத்தாங்க. பாதிச் செலவாம். சாரக்கூலியும் சேர்த்து." அவள் வாங்கி வைத்துக்கொண்டாள். அந்தக் குடும்பத்தில் சண்டையில்லாமல் கை மாறிய பணம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் கடைசிக் கல்லுக்கு வந்தபோது அவள் கீழிருந்து சொன்னாள். "அந்த ஒரு கல்லை மட்டும் விட்டுடுங்க."

"எதுக்கும்மா?"

"காத்துக்கு."

காற்றுக்கா, திட்டுக்கா என்று கொத்தனார் கேட்கவில்லை. கல்லைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். அப்போது அந்தப் பக்கத்திலிருந்து, யாரையும் பார்த்துச் சொல்லாத குரலில், ஒரு பேச்சு வந்தது.

"ஒரு கல்லு விட்டாலும் பூச்சி வரும்."

சல்லடை அந்த ஓட்டையை அண்ணாந்து பார்த்தாள்.

"சொல்றாங்கல்ல," என்றாள் கொத்தனாரிடம், "அடைச்சிடுங்க."