கல்லறைத் தோட்டத்து அட்டெண்டன்ஸ்

எங்கள் ஊரில் செத்துப்போன பட்டாளத்துக்காரர்களுக்கு வருஷம் ஒரு முறை அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள். கேட்பவர்களுக்கு வேடிக்கையாக இருக்கலாம். எங்களுக்கு அது கிறிஸ்துமஸ் கேக் மாதிரி, டிசம்பர் வந்தால் உண்டு. பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை, மலைப்பக்கமிருந்து இறங்கிய பனி விலகும் முன்பே, ஓய்வு பெற்ற சிப்பாய்கள் கோட்டும் மெடலுமாகக் கூடிவிடுவார்கள். முதலில் ஊர் மயானம், அடுத்து எங்கள் சபையின் கல்லறைத் தோட்டம்.

முன்னால் நிற்பவர் ஒரு சுபேதார். பட்டாளத்தை விட்டு வந்து பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். கும்பிடுவது மாகாளியம்மனை, எங்கள் இடத்துக்குள் நுழையும்போது ஷூவைக் கழற்ற வேண்டுமா என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார், வேண்டாம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார்கள். அவர் இறந்தவரின் பதவியையும் பெயரையும் உரக்கக் கூப்பிட, அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் கல்லறைப் பக்கத்தில் நின்று அவருக்காக "உள்ளேன் ஐயா" என்று சொல்ல வேண்டும். அப்புறம் ஒரு செவ்வந்தி வளையம், ஒரு சல்யூட். பட்டாளத்துப் பழக்கமும் பள்ளிக்கூடத்துப் பழக்கமும் எங்கே ஒட்டிக்கொண்டன என்று யாருக்கும் தெரியாது.

என் மாமா, அம்மாவின் தம்பி, பட்டாளத்தில் இருந்தவர். விடுப்பில் வந்திருந்தபோது வீட்டில் தூக்கு மாட்டிக்கொண்டார். இது எனக்குப் பின்னாளில்தான் தெரியும். அப்போது சொல்லியிருந்தது காய்ச்சல். தானாக உயிரை விட்டவர்களை மற்றவர்களோடு வரிசையில் புதைக்காமல் பின்மதில் ஓரமாகப் புதைப்பது சபை வழக்கம். அங்கே ஒரு வேப்பமரம் உண்டு. பட்டாளத்துக்காரர் என்பதால் மாமாவுக்கு நிழலாகப் பார்த்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஞாயிறு பள்ளியில் நான் பீற்றிக்கொள்வேன். யாரும் மறுத்ததில்லை. நல்ல பிள்ளைகள்.

அவர் பெயரைச் சுபேதார் கூப்பிட்டதே கிடையாது. மாமாவின் மனைவி, என் அத்தை, அன்றைக்கு எல்லோருக்கும் சுக்குக் காப்பி போட்டுத் தூக்குவாளியில் கொண்டுவருவாள். கேட்டுக்கு வெளியிலேயே நிற்பாள். கடைசிப் பெயர் கூப்பிட்டு முடியும்வரை சுபேதார் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"நீங்க உள்ள வரலீங்களா அத்தை?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"கூப்பிட்டா வாரேன் கண்ணு."

"அதான் நான் கூப்பிடறனே" என்றேன். அவள் டம்ளரைக் கழுவ ஆரம்பித்தாள்.

நாலாம் வகுப்பில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது, அதாவது பிடிபட்டதாக நினைத்தேன். எங்கள் டீச்சருக்கு அவசரத்தில் பெயரைத் தாண்டிப் போகிற வழக்கம் உண்டு. விட்டுப்போன பிள்ளை வாய் மூடி உட்கார்ந்திருந்தால் ஆப்சென்ட். எழுந்து நின்று தானாகச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். மாமாவுக்கு வருஷா வருஷம் ஆப்சென்ட் விழுந்துகொண்டிருக்கிறது, எங்கள் வீட்டில் இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருத்தருக்கும் துப்பில்லை. எனக்குக் கோபமான கோபம்.

அந்த வருஷம் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டேன். கடைசிப் பெயர் ஆயிற்று, கடைசி வளையமும் வைத்தாயிற்று. தொண்டை கிழியக் கத்தினேன், "உள்ளேன் ஐயா."

எல்லோரும் திரும்பினார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சபை மூப்பர் என்னை இழுத்துப்போக வந்தார். சுபேதார் அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங் அம்மணி, யாருக்குச் சொல்றீங்க?"

"எங்க மாமாவுக்குங்க. நீங்க அவரு பேரை உட்டுப்போட்டீங்க. எல்லா வருஷமும் உட்டுப்போடறீங்க. அவருக்கு ஆப்சென்ட் உழுகுதுங்க."

அவர் குனிந்து கல்லில் இருந்த பெயரைப் படித்தார்.

"இந்தப் பக்கம் வழக்கமில்லீங்க" என்றார் மூப்பர் மெதுவாக.

"தெரியுமுங்க" என்றார் சுபேதார். "உங்க வழக்கத்துல நான் தலையிடலீங்க. ஆனா இவன் எங்க ஆளு. புள்ள சொல்றது நெசந்தான், உட்டுப்போட்டேன்."

வளையம் மிச்சமில்லை. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். மாமாவின் பதவியையும் பெயரையும் சொல்லி, மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரலில் கூப்பிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் கேட்டுப் பக்கமிருந்து "உள்ளேன் ஐயா" என்று கேட்டது. அத்தை. தூக்குவாளியை அப்படியே போட்டுவிட்டுக் கல்லறைகளுக்கு நடுவே ஓடி வந்துகொண்டிருந்தாள். மாமாவின் கல்லைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் சொன்னாள். மறுபடியும். ஒரு தடவை சொன்னால் போதும் என்று அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் சுபேதார் சல்யூட் அடித்ததைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. தப்பைக் கண்டுபிடித்தது நான், கத்தியது நான். சரியாகப் பதில் சொல்கிற நேரத்தில் நடுவில் வந்து பிடுங்கிக்கொண்டாள். வீடு போய்ச் சேரும்வரை அவளோடு பேசவில்லை. அத்தை வழிநெடுக என் தலையைத் தடவிக்கொண்டே வந்தாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே வந்தேன்.