புடவைக்கு மேல் ஒரு சட்டை

வேப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கினால் பஸ் இல்லை. உறவுக்காரப் பெண்ணின் வளைகாப்புக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, வைக்கோல் டிராக்டரில் ஏறிக்கொள்கிறேன். அறுப்பு முடித்துத் திரும்பும் பெண்கள் எல்லோரும் புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது. அதற்குள் வைக்கோல் சுணை கைகளில் ஏறி அரிப்பு பிடுங்குகிறது.

பக்கத்திலிருப்பவள் தன் சட்டையைக் கழற்றி நீட்டுகிறாள். "போட்டுக்கோ தங்கச்சி. எனக்குப் பயகிப் போச்சு."

"புதுசு மாதிரி இருக்கே அக்கா?"

"எங்க ஊட்டுக்காரர் கல்யாணச் சட்டை. கயனியில அறுக்க நல்ல முழுக்கை வேணுமில்ல? அவுருக்கு இன்னா, அரைக்கை போதும்."

பட்டன் போட்டதும் போன உயிர் திரும்புகிறது. ஊர் வந்ததும் இறங்கி, கழற்றப் பட்டனில் கை வைக்கிறேன்.

"வெயிலாக் கீது, போட்டுக்கினே போ. சாயங்காலம் நீ திரும்பறதுக்கும் இதே வண்டிதான், அப்ப குடு."

பட்டுக்கு மேல் அந்தச் சட்டையோடு தெருவில் நடக்கிறேன். ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.