கார்னருக்குப் பக்கத்தில் நிற்பவர்

போன வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம், கம்பெனி கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே ஒரு மனிதரை டீமிலிருந்து தூக்கினேன்.

நடுவில் ஊறுகாய்கூடத் தொட்டுக்கொண்டேன். அவ்வளவு சுலபமாக இருந்தது!

(பைக் ஓட்டிக்கொண்டே ரீல்ஸ் பார்ப்பவர்களைப் பற்றிப் போன முறை எழுதியதற்கு வந்த வசவுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. இந்த வாரம் திட்டு வாங்க வேண்டியவன் நான்தான். தாராளமாக ஆரம்பிக்கலாம்.)

விஷயம், கபடி. ஒரகடத்தில் கார் சீட் செய்யும் எங்கள் கம்பெனிக்கு ஒரு டீம் உண்டு. சுற்றுவட்டாரக் கம்பெனிகளுக்கு இடையிலான போட்டி, ஞாயிற்றுக்கிழமை மண்ணூரில். பன்னிரண்டு பேர் லிஸ்ட்டைச் சனிக்கிழமை காலைக்குள் கொடுத்துவிட வேண்டும். டீம் செகரட்டரி நான். எனக்குக் கபடி ஆடத் தெரியுமா? தெரியாது. பி.இ. படித்திருக்கிறேன், லேப்டாப் வைத்திருக்கிறேன். செகரட்டரி ஆக வேறென்ன வேண்டும்?

லிஸ்ட்டில் பதினோரு பெயர் நிச்சயம். பன்னிரண்டாவது இடத்துக்குத்தான் பிரச்னை. ஏழுமலை அண்ணனா, ட்ரெய்னி விக்கியா?

ஏழுமலை அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. ஸ்டோர்ஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இடது முட்டி அரைகுறை. மாடிப்படி ஏறினால், நாலு படிக்கு ஒரு தடவை நின்று சுவரில் இருக்கும் சேஃப்டி போஸ்டரைப் படிப்பார். அதே போஸ்டரை வருஷக்கணக்காகப் படிக்கிறார்! விக்கிக்கு இருபத்தொன்று. ஜிம் பாடி. சட்டையில் பட்டன் போடவே இடம் இல்லை.

அண்ணன் ஆடும் இடத்துக்கு ‘இன்’ என்று பெயர். கோட்டோரம் நிற்பவன் கார்னர். பாடி வரும் எதிராளியின் கணுக்காலைப் பாய்ந்து பிடிப்பவன் அவன்தான். விசில் அவனுக்கு, போட்டோ அவனுக்கு. அவன் கையைக் கோத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவர் ‘இன்’. கார்னர் பிடித்தபின் மேலே விழுந்து அமுக்குவது இவர் வேலை. முதலில் பிடித்தவன் பெயரில்தான் பாயின்ட். அதனால் இவர் பெயரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

என் எக்ஸலிலும் அப்படித்தான். இந்த சீசனில் எங்கள் கார்னர் இசக்கி பிடித்தது முப்பத்தொன்று. அண்ணன் பிடித்தது… இரண்டு.

லேப்டாப்பைத் தட்டுகளுக்கு நடுவில் வைத்துத் திருப்பிக் காட்டினேன். எதிரே கேப்டன் ஜான்சன். எங்கள் முதல் ரெய்டர்.

“ரெண்டா?” என்றான் ஜான்சன். “இன்னாடா மச்சான், அம்பயரே அதுக்கு மேல புடிச்சிருப்பாரு!”

“தூக்கிடலாமா?”

“மனசு கேக்கல… ஆனா முட்டியும் போய்டுச்சுல்ல. தூக்கு. நீயே சொல்லிடு. நான் மூஞ்சியப் பாத்து சொல்ல மாட்டேன்பா.”

இசக்கியும் அங்கேதான் இருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், கான்ட்ராக்ட் லேபர், சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேரோடு ஒரே ரூம். மூன்று பேரும் ஒத்துக்கொண்டால்தான் லிஸ்ட் மாறும் என்பது எங்கள் வழக்கம். அவன் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நீ சொல்லு இசக்கி?”

“உங்க இஷ்டம்ணே” என்றான். ரசத்திடம்தான் சொன்னான்.

முடிந்தது. நேராக ஸ்டோர்ஸுக்குப் போனேன். அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். முதலில் நல்ல கால், அப்புறம் மற்றது.

“இன்னா தம்பி, லைன் நின்னுபோன மாரி கீது மூஞ்சி?”

சொன்னேன். ‘டேட்டா’ என்றேன். ‘யங் பிளட்’ என்றேன். காலேஜில் படித்த வார்த்தைகள் எல்லாம் வெளியே வந்தன. அவர் க்ளவுஸைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

“மேட்ச்சு மண்ணூர்லதானே?”

“ஆமாண்ணே.”

“எங்கூருபா அது. நம்ம ஊரு கிரவுண்டுல, கயித்துக்கு வெளிய நின்னு பாக்கச் சொல்றே.”

தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

“சரி வுடு. எனுக்குப் பதிலு யாரு? விக்கியா? நல்ல பையன். இசக்கிக்கு எந்தக் கைய குடுப்பான்?”

“எந்தக் கைன்னா… ஏதோ ஒரு கைண்ணே.”

என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். “ஜெர்சிய துவச்சிக் குடுத்துடறேன்” என்று வண்டியில் ஏறிவிட்டார். லிஸ்ட்டிலிருந்து போகிறவர் ஜெர்சியைத் துவைத்து, மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதுவும் எங்கள் வழக்கம்.

வியாழக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும் பக்கத்து பெயின்ட் கம்பெனியோடு ஒரு பிராக்டிஸ் மேட்ச். அண்ணன் இடத்தில் விக்கி.

முதல் ரெய்டு. எதிராளி காலை நீட்டினான். இசக்கி பாய்ந்தான். அங்கே கால் இல்லை. மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான்.

இரண்டாவது தடவை லேட். மூன்றாவது தடவை இசக்கியும் விக்கியும் ஒரே நேரத்தில் பாய்ந்து, மண்டையும் மண்டையும் மோதிக்கொண்டார்கள். ரெய்டர் இரண்டு பேரையும் குனிந்து பார்த்து, “அடி பட்டுதா பிரதர்?” என்று விசாரித்துவிட்டு, நிதானமாக நடந்து கோட்டுக்குத் திரும்பினான். விக்கி தனியாக ஒருத்தனைத் தூக்கிப் போட்டது உண்மை. அதைத் தவிர ஒன்றும் இல்லை. பாதி ஆட்டத்துக்குள் இரண்டு தடவை ஆல் அவுட்.

“டேய், சாப்ட்டியா இல்லியா?” ஜான்சன் கத்தினான். “முப்பத்தொரு பிடி புடிச்ச கையாடா இது?”

இசக்கி தரையில் உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

“அந்த முப்பத்தொண்ணும் நான் புடிச்சதுதாம்ணே. ஆனா எப்பப் பாயணும்னு எனக்குத் தெரியாது.”

“இன்னாடா சொல்ற?”

“நான் காலை மட்டுந்தாம்ணே பாப்பேன். வாறவன் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புது, மூச்சு எங்க முட்டுது, அதெல்லாம் ஏழுமலை அண்ணாச்சிதான் பாப்பாரு. கைய கோத்துக்கிட்டு நிப்போம்லா? பிடிய இறுக்குனாருன்னா, நில்லுன்னு அர்த்தம். உள்ளங்கையில கட்டவெரலால ஒரு குத்து குத்துனாருன்னா, போன்னு அர்த்தம். குத்துனா நான் போயிருவேன். யோசிக்கவே மாட்டேன்.”



“செவ்வாக்கெழம ஏண்டா வாயத் தொறக்கல?” என்றேன்.

“டீமுக்கு ஆள் எடுக்க ஒரு பெரிய கம்பெனிக்காரங்க ஞாயித்துக்கெழம என்னைப் பாக்க வாராங்கல்லா? எடுத்தா பெர்மனென்ட் வேலைண்ணே. இதைச் சொன்னா, எல்லாம் அண்ணாச்சி பிடின்னு ஆயிருமேன்னு பயந்துட்டேன்.” முகத்தைத் துடைத்தான். “நேத்து அவரு கேன்டீன்ல என்னையப் பாத்து, ‘விக்கி கூட நல்லா ப்ராக்டிஸ் பண்ணிக்கோடா’ன்னு சொன்னாரு. ராத்திரி சோறு எறங்கல.”

இப்போது என் நிலைமையைக் கேளுங்கள். நான் வெல்டிங் லைனில் குவாலிட்டி இன்ஜினீயர். சீட் ஃப்ரேமில் ரோபோ வைக்கும் ஒவ்வொரு வெல்டையும் எண்ணுகிறோம், படம் எடுக்கிறோம், ரிப்போர்ட் அனுப்புகிறோம். அந்த ஃப்ரேமை அசையாமல் பிடித்துக்கொண்டு அடியில் ஒரு ஃபிக்ஸ்சர் நிற்கிறதே… அதை யாராவது எண்ணுகிறோமா? அது கொஞ்சம் தேய்ந்தால்தான், அங்கே ஒன்று இருப்பதே ஞாபகம் வரும். அதற்குள் மொத்த லாட்டும் ரிஜெக்ட்.

தினமும் எட்டு மணி நேரம் பார்க்கிற விஷயம். கிரவுண்டில் எனக்குத் தெரியவில்லை!

மூன்று பேரும் இரண்டு பைக்கில் மண்ணூருக்குப் போனோம். அண்ணன் வீட்டு வாசலில் கொடிக்கயிறு. அதில் அந்த நீல ஜெர்சி. பக்கத்தில் அவர் மனைவி கஸ்தூரி அண்ணி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“வாங்க வாங்க, செலெக்‌ஷன் கமிட்டியா? ஜெர்சி வாங்கினு போவ வந்தீங்களா? செவ்வாக்கெழம துவச்சது. வெயிலு மண்டையப் பொளக்குது. எங்க வூட்டுக்காரருக்கு மட்டும் அது இன்னும் காயலயாம்!”

உள்ளேயிருந்து அண்ணன் வந்தார். முட்டியில் ஐஸ் பாக்கெட் கட்டியிருந்தார். இசக்கி நேராகப் போய் அவர் முன்னால் நின்றான். வலது கையை நீட்டினான், அவ்வளவுதான்.

அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“எந்தக் கைன்னு இப்ப தெரிஞ்சிதா தம்பி?”

“தெரிஞ்சிதுண்ணே. வாங்கண்ணே டீமுக்கு.”

உடனே சரி என்று சொல்லியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“பொய் சொல்ல மாட்டேன்பா. இந்த முட்டி ஒரு பாதிக்குத்தான் தாங்கும். ரெண்டு பாதியும் ஆடுவேன்னு சொல்லி உங்க கழுத்த அறுக்கக் கூடாது. மொதப் பாதி விக்கிய வுடு. அவன் ஓடட்டும், அவனுங்களையும் ஓட வுட்டு மூச்சு வாங்க வெக்கட்டும். ரெண்டாவது பாதிக்கி நான் வரேன்.”

“விக்கியும் வேணும்னா பதிமூணு பேர் ஆகுதேண்ணே?” என்றான் ஜான்சன். “லிஸ்ட்டு பன்னெண்டுதான்.”

“ரிசர்வ்ல மூணு ரெய்டர் வெச்சிகினு கீறியே, அதுல ஒன்னு உன் மச்சான்தானே? அவன் இன்னாத்துக்கு?”

ஜான்சன் கொடிக்கயிற்றைப் பார்த்தான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். லிஸ்ட்டிலிருந்து மச்சான் பெயரைத் தூக்கினோம்.

கிளம்பும்போது அண்ணன் இசக்கியைக் கூப்பிட்டார். “டேய், பெரிய கம்பெனிக்காரன் வந்தா குத்து, இறுக்குன்னு கதையெல்லாம் சொல்லிகினு இருக்காத. பாஞ்சது யாரு?”

“நாந்தான் அண்ணாச்சி.”

“காலப் புடிச்சது?”

“நாந்தான்.”

“அப்ப உன் பிடிதாண்டா அது. போ.”

இந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்கு ஒரு பாயின்ட் போட்டிருப்பேன். அதற்கு எக்ஸலில் இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை. கயிற்றைச் சுற்றி மண்ணூரே நின்றது. காலிறுதி. முதல் பாதியில் விக்கி காட்டெருமை மாதிரி ஓடினான், சொன்னபடியே எல்லோரையும் மூச்சு வாங்க வைத்தான். இசக்கிக்கு ஒரு பிடிகூட இல்லை. மூன்று பாயின்ட் பின்னால் இருந்தோம். இரண்டாவது பாதிக்கு அண்ணன் உள்ளே வந்தார்.

“யோவ் ஏழுமல! ஆம்புலன்ஸு ரெடியா கீது, தைரியமா ஆடு!” ஊர்க்காரர் ஒருவர்.

“நீ மொதல்ல ஏறிக் குந்து, நான் பின்னால வரேன்!” அண்ணன்.

இசக்கி கையை நீட்டினான். அண்ணன் கோத்தார். அதற்கப்புறம் நான் பந்தயத்தைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு கைகளை மட்டும் பார்த்தேன். ஒரு பிடி. இன்னொரு பிடி. ஜான்சன் இரண்டு ரெய்டில் மூன்று பேரைத் தொட்டுவிட்டு வந்தான். ஒரு பாயின்ட் முன்னால் வந்தோம்.

கடைசி ரெய்டு. அவர்கள் தரப்பில் ஒல்லியான ஒருத்தன் பாடி வந்தான், நல்ல வேகம். இடது பக்கம் வந்து காலை ஆட்டிக் காட்டினான். இசக்கியின் தோள் துடித்தது. அண்ணனின் பிடி இறுகியது. மறுபடி காலைக் காட்டினான். விரல் எலும்பு வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு இறுக்கினார். கூட்டம் “புடி, புடி” என்று அலறியது. அவர் விடவில்லை. ரெய்டர் இடுப்பைத் திருப்பினான், கோட்டுக்குத் திரும்ப…

கட்டைவிரல் அசைந்ததை நான் பார்த்தேன்.

இசக்கி ரெய்டரின் காலில் இருந்தான். கெட்டுப்போன முட்டியோடு அண்ணன் அவன் மேல் விழுந்தார். அவர்மேல் மற்ற எல்லோரும்.

“இசக்கி, ஒரு பாயின்ட்!” என்றது மைக்.

அரையிறுதியில் தோற்றோம். அம்பயர் செய்த புண்ணியம் அது, அவர் நன்றாக இருக்கட்டும். ஆனால் காலிறுதி முடிந்ததும் பையன்கள் அண்ணனைத் தோளில் ஏற்றிக்கொண்டு கயிற்றுக்கு வெளியே வந்தார்கள். அண்ணி என் லேப்டாப்பை எட்டிப் பார்த்தார்.

“எங்க ஆளுக்கு எத்தினி பாயின்ட்டு தம்பி?”

“ஜீரோ அண்ணி.”

“ஜீரோவா? அப்ப இன்னாத்துக்கு இத்தினி பேரு இவர தோள்ல ஏத்திகினு வரானுங்க?”

விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அண்ணி அதற்குள் ஐஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்க ஓடிவிட்டார்.

பெரிய கம்பெனிக்காரர்கள் இசக்கியிடம் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். புதன்கிழமை ட்ரையல்ஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் சொன்னதைக் கேட்டானா? கேட்கவில்லை. எல்லாவற்றையும் உளறிவிட்டு, “அண்ணாச்சியையும் சேத்து எடுத்துக்கிடுங்க சார்” என்று வேறு சொல்லியிருக்கிறான். வயது என்ன என்று கேட்டார்களாம். முப்பத்தெட்டு என்றானாம். சிரித்தார்களாம்.

பாவம், அவர்களிடமும் ஒரு எக்ஸல் இருக்கிறது போல.