மூடி இல்லாத மெஷின்

டிரில், கிரைண்டர் விற்கிற எங்கள் கடையில் சேல்ஸில் நிற்கிற அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். மெஷின் வாங்க வருகிறவரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். "சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா? மொத்தம் எத்தன ஓட்டை? அப்புறம் அந்தத் தூசிய யாரு கூட்டுவாங்க, நீங்களா, உங்க வீட்டம்மாவா?" இரண்டு படம் மாட்ட வந்தவர் சுவரையே இடிக்கிற டிரில்லைத் தூக்கிக்கொண்டு போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சின்னதாக ஒன்றை எடுத்து வைத்து, "இதுவே உங்களுக்கு அதிகம்" என்பாள். பதினோரு வருடமாக இதே கதைதான்.

முதலாளிக்கு வயிறு எரியும். பெரிய மெஷினைத் தலையில் கட்டத் தெரியாதவள் கடைக்கு எதற்கு என்று பில் போடுகிற என்னிடம் புலம்புவார். ஒருநாள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இனிமே ஒரு கஸ்டமர் உன்னப் பத்திக் குறை சொன்னா, அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்." அவள் புருஷன் படுத்த படுக்கை. சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். நாற்பத்தாறு வயதில் வேறு எந்தக் கடையில் போய் நிற்பாள்?

அந்த வாரமே ஒரு ரிட்டயர்டு ஆபீசர் மனைவியோடு வந்தார். பேத்திக்குத் தன் கையாலேயே கட்டில் செய்யப் போகிறாராம். வீடியோ பார்த்தே எல்லாம் கற்றுக்கொண்டாராம். ஒரு ஹேண்ட் கிரைண்டரும், அதில் மாட்ட மரம் அறுக்கும் பல் பிளேடும் கேட்டார்.

"சார், இது இரும்பு வெட்டுறது. இதுல பல் பிளேடு மாட்டினா மரத்துல கடிச்சு அப்படியே துள்ளும், கையில நிக்காது. மரத்துக்குன்னு தனி மெஷின்..."

"உங்கிட்ட பாடம் கேக்க வரல. ஆம்பள யாராவது இருந்தா கூப்பிடு."

"அந்தப் பொண்ணு சொல்றதக் கொஞ்சம் கேளுங்களேன்" என்றார் மனைவி.

"நீ வாய மூடு."

முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கினார். டீச்சர் பல் பிளேடை எடுத்து மெஷினில் வைத்துப் பார்த்தாள். பிளேடு பெரியது, மெஷினின் பாதுகாப்பு மூடியில் இடித்தது. "அதக் கழட்டித் தூக்கிப் போடு" என்றார் ஆபீசர். ஸ்பேனரை எடுத்து அவளே கழற்றினாள். நான் மட்டும் என்ன கிழித்தேன்? பில்லைக் கிழித்துக் கொடுத்தேன்.

அந்த மாதம் அவள்மேல் ஒரு புகாரும் வரவில்லை. முதலாளி மனம் குளிர்ந்து அவளை செக்‌ஷன் இன்சார்ஜ் ஆக்கினார். நாங்கள் கைதட்டினோம், அவளும் சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஆபீசர் மறுபடி வந்தார். மனிதருக்குப் பத்து விரலும் பத்திரமாக இருந்தன. பின்னால் வந்த மனைவியின் இடது கையில்தான் மூன்று விரல்கள் இல்லை. பலகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், அந்த அம்மாவும் பிடித்திருக்கிறார்.

"பலகையப் பிடிக்க இப்போ ஆளில்ல. கிளாம்ப் இருக்கா? கட்டில் பாதியில நிக்குது" என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு தேவல சார். கேட்டத மறுபேச்சு இல்லாமக் குடுக்குது" என்று சர்டிபிகேட் வேறு கொடுத்தார். அந்த ஆளை அங்கேயே ஓங்கி ஒரு அறை விட வேண்டும்போல எனக்கு இருந்தது. வாயில் வந்ததென்னவோ, "கிளாம்ப் அந்த ரேக்ல இருக்கு சார்" என்பதுதான்.

அவர் அந்தப் பக்கம் போனதும் மனைவி டீச்சரின் அருகில் வந்தார்.

"அன்னிக்கு நீ ஏதோ சொல்ல வந்தியேம்மா. அந்த மூடி இருந்திருந்தா என் விரல் தப்பிச்சிருக்குமா?"

முதலாளி கல்லாவில்தான் இருந்தார். டீச்சர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீங்கதான் கையக் கொஞ்சம் தள்ளி வச்சிருக்கணும்."

அந்த அம்மா மெல்லத் தலையாட்டினார்.

"அவரும் அதத்தான் சொல்றாரு."